பரளச்சிக் கரையும் பட்டாளத்து வண்டியும்

அருப்புக்கோட்டை
24-6-1946

சௌபாக்கியவதி சௌடேஸ்வரிக்கு நாகசுப்பிரமணியன் எழுதுவது. இங்கு வண்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. நேற்று நீ சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் கோபமாக இருக்கிறேன். நம் வீட்டில் பேசுகிற கன்னடத்துக்கு எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கோபத்தைத் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் மரியாதையாக வந்து விழுகிறது. படிக்கும்போது நீயே கொஞ்சம் காரம் சேர்த்துக்கொள்.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் அது இதற்குள் வேறு கதையாகியிருக்கும். நீயும் நானும் நம் மோட்டார் சைக்கிளில் பரளச்சிக்கு வந்தோம். சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டி, மதுரையில் ஏலம் விட்ட வண்டி. பர்மா பார்த்த வண்டி என்று ஏலக்காரன் சொன்னான். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையின் அடி வரைக்கும் அது குறையில்லாமல் வந்தது. கரையில் ஏற ஆரம்பித்ததும் எஞ்சின் போட்ட சத்தம் காரியாபட்டி வரைக்கும் கேட்டிருக்கும். சக்கரம் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தீய்ந்த நாற்றம் வந்தது. நீ இறங்கி, நடந்து, எனக்கு முன்னால் கரை மேல் போய் நின்றாய். உனக்குப் பின்னால் ஓர் ஆட்டு மந்தை என்னைத் தாண்டி ஏறிப் போனது. அப்போதுதான் நீ சிரித்தாய். ஆடு மேய்த்தவன்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு உன் அப்பா இரண்டு மாட்டையும் பிடித்துக்கொண்டு வந்து, கிணற்றில் கமலை இறைக்கிற வடத்தால் வண்டியைக் கட்டி இழுத்தார். ஊர் மொத்தமும் கரையில் நின்றது. இழுத்து முடித்துவிட்டு மாமா கேட்டார்: "மாப்பிள்ளே, இதுக்குப் புல்லுப் போடணுமா, பருத்திக்கொட்டை வைக்கணுமா?"

நான் என்ன செய்வேன்? மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அவருடைய தறிகளையும் பருத்திக் காட்டையும் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். குடித்தனம் அருப்புக்கோட்டையில்தான், வாரம் ஒரு தடவை வண்டியில் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் நான் இந்த வண்டியையே வாங்கினேன். அதே வண்டி அவர் வாசலுக்கு மாடு இழுத்து வந்து சேர்ந்தால் அவர் சும்மா விடுவாரா?

"ஆடி பிறக்குறதுக்குள்ள, பின்னால ஒரு ஆளோட, யாரும் கை வைக்காம இந்த வண்டி கரை ஏறட்டும். எம் மகளைக் கூட்டிட்டுப் போங்க, இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஏறலைன்னா உங்க தறியைக் கழட்டிக்கிட்டு இங்க வந்திருங்க. அதுவரைக்கும் புள்ள இங்கனதான் இருக்கும்," என்றார். அத்தனை பேர் முன்னால் நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள், பெண்ணையும் பிறந்த வீட்டிலிருந்து அனுப்ப மாட்டார்கள். ஆகவே ஆனி முடிவதற்குள் காரியம் நடந்தாக வேண்டும்.

இந்தப் பேச்சு நடக்கும்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போகட்டும். மறுபடி மாடு கட்டிக் கரையைத் தாண்டி, தனியாக ஊர் வந்து சேர்ந்தேன். இன்று காலையில் பஸ் ஷெட்டில் வேலை பார்க்கிற மதார் சாகிபு வந்து வண்டியைப் பார்த்தார். நோய் எஞ்சினில் இல்லையாம், கிளச்சு வழுக்குகிறதாம். நோயின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி குணமான மாதிரிதான். நீ பெட்டியைக் கட்டி வை.

நாகசுப்பிரமணியன்


பரளச்சி
28-6-1946

அத்தானுக்கு சௌடேஸ்வரி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி காரம் சேர்த்துப் படித்தேன். அப்புறமும் சிரிப்புத்தான் வந்தது.

நான் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யார் என்னிடம் கேட்டார்கள்? நீங்களும் அப்பாவும் கரை மேல் நின்று, நான் எந்த ஊரில் குடியிருப்பது என்று பந்தயம் கட்டினீர்கள். நான் நடுவில் கையில் செருப்போடு நின்றேன். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட மாட்டின் வாயைத் திறந்து ஒரு தடவை பார்ப்பான். நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியைக் கட்டி வைக்கச் சொன்னீர்கள். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்பா உங்கள் தறிக்கு, கால் இறக்கி மிதிக்கக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். வடக்குப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் நன்றாக விழுகிற இடம். நேற்று என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு முழங்கால் வரைக்கும் நீளம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும், ஆனால் சொல்லவில்லை. நான் உங்களுக்காகச் சொல்லாமல் விட்ட வார்த்தை என்று அதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே வர வேண்டும். அதை உங்களுக்காகவும் சொல்லவில்லை, வண்டிக்காகவும் சொல்லவில்லை. இந்த வீட்டில் தறிப் பாவின் நூலைப் பிணைக்க என்னை விட்டால் கையில்லை. விடிந்ததிலிருந்து "சௌடி, இங்க வா" என்றால் வருகிறேன், "சௌடி, அங்க போ" என்றால் போகிறேன். நான் இரண்டு வருஷமாக ஒரு வீட்டை நடத்துகிறவள் என்பது இவர்களுக்கு நினைவே இல்லை. அருப்புக்கோட்டையில் என் தறியில் சேலைக்கு என்ன கரை போடுவது என்று நான்தான் முடிவு செய்வேன். இங்கே எனக்குத் தலை பின்னிவிட ஆள் வருகிறது.

ஆகையால் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கிளச்சு என்பது என்ன, அது என்ன செய்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். தறியில் ஒரு கோளாறு என்றால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதினால் போதும்.

சௌடேஸ்வரி


அருப்புக்கோட்டை
2-7-1946

சௌடேஸ்வரிக்கு,

குழி தோண்டுகிறார் என்று படித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து இதை எழுதுகிறேன். கேட்டது நீ என்பதால் சொல்கிறேன், கவனமாகப் படி.

எஞ்சின் தனியாகச் சுற்றுகிறது, பின் சக்கரம் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பது கிளச்சு. வட்டமான இரும்புத் தட்டுகள், தோசையை அடுக்கி வைத்த மாதிரி. ஒன்று விட்டு ஒன்றில் தக்கை பதித்திருக்கிறது. ஸ்பிரிங்குகள் எல்லாத் தட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி இருக்கும்வரை எஞ்சின் சுற்றினால் சக்கரமும் சுற்றும். வண்டியை நிறுத்தவோ கியர் மாற்றவோ வேண்டுமானால் இடது கைப்பிடியை இழுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி போகிறது. அது உள்ளே ஒரு குச்சியைத் தள்ளித் தட்டுகளைப் பிரித்துவிடும். கையை விட்டால் மறுபடி சேரும். நம் வண்டியில் தட்டுகள் சேர்ந்த பிறகும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குகின்றன. சமதரையில் தெரிவதில்லை. மேட்டில் மானம் போகிறது.

மதார் சாகிபு மூடியைக் கழற்றிப் பார்த்தார். தட்டெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எண்ணெய் யார் ஊற்றியது என்று கேட்டார். தறிக்குப் போடுகிற மாதிரி தினம் கொஞ்சம் போட்டேன், வறண்டு கிடந்தால் தேய்ந்துவிடுமே என்றேன். அவர் தட்டுகளைப் பெட்ரோலில் கழுவினார். கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பெட்ரோல், கண்ணெதிரே தரையில் ஓடியது. காய வைத்து மாட்டி, ஏதோ திருகிச் சரிபார்த்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் நம் ஊர்க் கண்மாய்க்கரையில் ஏற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. முன்பு கால்வாசிதான் போனது என்பதை நீ கவனிக்க வேண்டும்.

அதற்கப்புறம் நானாக ஒரு சிறு முயற்சி செய்தேன். அது எதிர்பார்த்தபடி வரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

குழி எந்த அளவில் இருக்கிறது என்று எழுது. தொண்டைக்குழி வரைக்கும் தோண்டச் சொல், நான் அதிலேயே இறங்கி மண்ணைத் தள்ளிக்கொள்கிறேன்.

நாகசுப்பிரமணியன்


பரளச்சி
5-7-1946

அத்தானுக்கு,

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது என்று நேற்றுத் தெரிந்தது. நம் அடுத்த வீட்டு வெங்கடம்மாள் அக்கா ஒரு காதுகுத்துக்காக இங்கே வந்திருந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலை போட்டதிலிருந்து எடுக்கிற வரைக்கும் உங்கள் சிறு முயற்சியைத்தான் சொன்னார்கள்.

தட்டுகள் வழுக்குகின்றன என்று நீங்கள் அதற்குக் கஞ்சி போட்டிருக்கிறீர்கள். பாவுக்குப் போடுகிற கஞ்சி. கஞ்சி போட்டால் இழை விறைத்துக்கொண்டு நிற்கும், அதே மாதிரி தட்டும் பிடித்துக்கொள்ளும் என்று மதார் சாகிபுக்குத் தெரியாமல் நீங்களே தடவி, வெயிலில் காய வைத்து மாட்டியிருக்கிறீர்கள். பிடித்துக்கொண்டது. அப்புறம் விடவில்லை. கைப்பிடியை இழுக்க இழுக்க வண்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். அன்று பார்த்து ரத்தினம் அண்ணன் தெருவில் பாவு நீட்டியிருக்கிறார். தெரு நீளத்துக்கும் சிவப்புப் பாவு. நீங்கள் "விலகுங்க, விலகுங்க" என்று கத்திக்கொண்டே அதன் நடுவில் நுழைந்து, மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு போய் சௌடேஸ்வரி அம்மன் கோவில் வாசலில் நின்றீர்களாம். வண்டியும் நீங்களும் சிவப்பு இழையில் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டாம்.

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக நேற்று முழுவதும் சிரிக்கவில்லை. ஏனென்றால் திரும்பி வரும்போது குழி முடிந்திருந்தது. அப்பா அதன் சுவரைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தார். முழங்கால் அளவை அவரே குத்துமதிப்பாக வைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளை உயரமான ஆள், கொஞ்சம் ஆழமாகவே இருக்கட்டும் என்று அன்பாகச் சொல்கிறார். அப்பா கெட்டவர் இல்லை, அத்தான். கெட்டவராக இருந்தால் எனக்குச் சண்டை போடச் சுலபமாக இருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று இங்கே வர வீட்டிலிருந்து கிளம்பும் முன் குந்தி உட்கார்ந்து அந்தக் கைப்பிடிக் கம்பியை என்னவோ திருகினீர்களே, எதற்கு? மறக்காமல் பதில் எழுதுங்கள்.

சௌடேஸ்வரி


அருப்புக்கோட்டை
8-7-1946

சௌடேஸ்வரிக்கு,

வெங்கடம்மாள் அக்கா சொன்னதில் ஒரு பிசகு இருக்கிறது. பாவின் நடுவில் நான் நுழையவில்லை, ஓரமாகத்தான் நுழைந்தேன். ரத்தினத்தின் பாவை அன்று நானே உட்கார்ந்து, அறுந்த இழைகளை எல்லாம் முடிந்து கொடுத்தேன். தெருவே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. "ஏலே, மோட்டாரை விட்டுப்புட்டுத் தறியப் பாருலே" என்று ரத்தினம் சொன்னான். சின்ன வயதிலிருந்து கூட விளையாடியவன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

கஞ்சியைச் சுரண்டி எடுக்கும்போது பல தக்கைகள் கருகிப் போயிருந்தது தெரிந்தது. அந்தத் தக்கை இங்கே எங்கும் விற்பதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைப் பிடித்தேன். மருந்துக் குப்பிகளின் மூடிகளைச் சேர்த்துக் கொடுத்தார். மதார் சாகிபு அவற்றைச் சவரக் கத்தியால் நறுக்கிப் பதித்தார். வண்டியிலிருந்து இப்போது காய்ச்சல் மருந்து வாடை வருகிறது. எனக்கு அதிலேயே கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் வண்டி மேடு ஏறவில்லை.

கம்பியைப் பற்றிக் கேட்டாய். அதில் மட்டும் குறை சொல்லாதே. வண்டியில் ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான். மதார் சாகிபு கெட்டிக்காரர், ஆனால் அதில் அவருக்குக் கவனம் போதாது. ஒவ்வொரு தடவையும் கம்பியைத் தொளதொளவென்று விட்டு அனுப்புகிறார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் திருகி இறுக்கிவிடுவேன். தினம் காலையிலும் ஒரு தடவை பார்ப்பேன். விரலால் தட்டினால் தம்பூரா மாதிரி பேசும். தொய்ந்த இழையைத் தறியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

ஆனால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்குகிறது. இறுக்க இறுக்க அதிகம்தான் வழுக்குகிறது. இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. நேற்றுத் தறியின் முன்னால் போய் உட்கார்ந்து, எந்தக் கயிற்றை முதலில் அவிழ்ப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால்கூட யாராவது கூப்பிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும். அந்தக் குழியில் கால் வைத்தால் நான் அப்புறம் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். இதை வேறு யாரிடமும் சொல்லாதே.

நாகசுப்பிரமணியன்


பரளச்சி
10-7-1946

அத்தானுக்கு,

தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. கரியில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் தங்கசாமி கையில் கொடுத்து அனுப்புகிறேன். தறியைக் கழற்றாதீர்கள். ஒரு கயிற்றையும் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவின் தறியில் உட்கார்ந்தேன். மிதியை மிதித்தால் பாவு இரண்டாகப் பிரிந்து, குறுக்கு நூலோடு நாடா ஓட வழி விடுகிறது. காலை எடுத்தால் இரண்டும் சேர்ந்துவிட வேண்டும். மிதிக்கயிற்றைக் குட்டையாகக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? காலை எடுத்த பிறகும் பாவு பாதி பிரிந்தபடியே நிற்கும். இது உங்களுக்குத் தெரியாதா? புதிதாகத் தறியில் உட்காருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நான் செய்தபோது நீங்களே என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள்.

அந்தக் கைப்பிடி மிதி. அந்தக் கம்பி மிதிக்கயிறு. நீங்கள் அதைப் பாவு என்று நினைத்துக்கொண்டு தினமும் விறைக்க வைக்கிறீர்கள். நீங்கள் கைப்பிடியைத் தொடாமல் இருக்கும்போதும் கம்பி அந்தக் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தட்டுகள் முழுசாகச் சேர அது விடுவதேயில்லை. சமதரைக்கு அரைப் பிடி போதும், கரைக்குப் போதாது. இறுக்க இறுக்க அதிகம் வழுக்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டு, அதைத் தாண்டிப் போய்ச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

மதார் சாகிபு கவனம் போதாமல் தொளதொளவென்று விடவில்லை. அவர் சரியாக வைத்து அனுப்புகிறார், நீங்கள் கெடுக்கிறீர்கள். கம்பியைத் தளர்த்துங்கள். கைப்பிடியைத் தொட்டால் கொஞ்ச தூரம் சும்மா ஆட வேண்டும், அதற்கப்புறம்தான் இழுக்க வேண்டும். அதைப் பார்க்க உங்களுக்குக் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

யாரும் கூப்பிடாமல் நீங்கள் சாப்பிட உட்காருகிற வீட்டில் நானும் சாப்பிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சௌடேஸ்வரி


அருப்புக்கோட்டை
13-7-1946

என் பிரியமுள்ள சௌடேஸ்வரிக்கு,

வண்டி ஏறிவிட்டது. நம் ஊர்க் கண்மாய்க்கரையில், பின்னால் ரத்தினத்தை உட்கார வைத்து, அடியிலிருந்து உச்சி வரைக்கும் நிற்காமல் ஏறியது. ரத்தினம் எவ்வளவு கனமான ஆள் என்று உனக்குத் தெரியும்.

நானும் மதார் சாகிபும் கலந்து ஆலோசித்ததில், கம்பியில் சற்றுத் தளர்வு தேவை என்று ஒரு முடிவுக்கு வந்தோம். நீயும் ஏறக்குறைய அதையே எழுதியிருந்தாய். மதார் சாகிபிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நான் ஒவ்வொரு தபாவும் வுட்டு அனுப்புறேன், மறுநாளு பாத்தா இறுகிக் கெடக்கு. எவனோ உங்களுக்கு ஆகாதவன் வந்து திருகுறான்னுல்ல நெனச்சேன்," என்றார். தெருவில் யார் மேல் சந்தேகம் என்று என்னிடம் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

தளர்ந்த கம்பியோடு ஒரு வண்டி என் வீட்டில் நிற்கிறது என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நேற்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். கை தானாகத் திருகப் போகிறது. கடைசியில் ஸ்பானரை மதார் சாகிபிடமே கொடுத்து, நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆனி கடைசி நாள். அன்று மத்தியானம் வருகிறேன். மாமாவிடம் சொல்லி ஊரைக் கூட்டி வைக்கச் சொல். அன்று பார்த்தவர்கள் ஒருவர்கூட விடுபடக் கூடாது, ஆட்டுக்காரனையும் சேர்த்து. மதார் சாகிபு, கம்பவுண்டர், ரத்தினம் மூன்று பேருடைய கூப்பனிலும் கெஞ்சிப் பெட்ரோல் வாங்கி நிரப்பியிருக்கிறேன். போக வரத் தாராளமாகப் போதும். பெட்டியோடு வாசலில் நில். உன்னை ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் நம் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறேன்.

உன் நாகசுப்பிரமணியன்


அருப்புக்கோட்டை
17-7-1946

பரளச்சியில் இருக்கும் அத்தானுக்கு, அருப்புக்கோட்டையில் இருக்கும் சௌடேஸ்வரி எழுதிக்கொண்டது.

இங்கு சுகம். தங்கசாமி இன்று வந்து, நீங்களும் சுகம், வண்டியும் சுகம், பெட்ரோல்தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது.

நீங்கள் கரை ஏறி வந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் பெட்டியை வாசலுக்கு எடுத்து வந்துவிட்டேன். கரை உச்சியில் வண்டியின் முன் சக்கரம் தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே ஓடிவந்த ஆட்டுக்காரன் தலைப்பாகையைக் கழற்றி வீசினான். பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக வழியில் பொன்ராஜ் மாமாவை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா உங்களைக் கட்டிப் பிடித்தார். தோற்றதில் அப்பாவுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

அதற்கப்புறம் அப்பா, தானும் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனீர்கள். அடுத்தது நாட்டாமை சுப்புராஜ். அடுத்தது அவர் தம்பி. கரையின் அந்தப் பக்கம் இறங்குவது, இந்தப் பக்கம் ஏறுவது. நான் வாசலில் பெட்டியோடு நின்றேன். ஒரு தடவை வீட்டு வாசல் வரைக்கும் வந்தீர்கள். பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். தண்ணீர் கேட்டீர்கள், குடித்தீர்கள், போய்விட்டீர்கள். ஒவ்வொருவரையும் ஏற்றும்போது கம்பிக்குத் தளர்வு ஏன் வேண்டும் என்று வேறு விளக்கம் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது. தறியை வைத்து நீங்களே கண்டுபிடித்ததாகச் சொன்னதும் விழுந்தது.

பொழுது சாய ஆரம்பித்தது. மறுநாள் ஆடி. அன்று படி தாண்டாவிட்டால் ஒரு மாசம் நான் அந்த வீட்டில்தான். வண்டி ஏறியது என்று ஊரெல்லாம் பேசும், ஆடி கழியட்டும் என்று அப்பா சொல்லுவார், நீங்களும் மாமனார் சொல்லைத் தட்டக் கூடாது என்பீர்கள். ஆடி கழிவதற்குள் இன்னொரு பந்தயம் கட்டுவீர்கள். நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கரை மேல் நடக்கும்போது நீங்கள் எதிரில் வந்தீர்கள். பின்னால் அப்பா. ஹாரன் அடித்தீர்கள். இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, ஓரம் போகச் சொல்லிக் காட்டினீர்கள். "ஓரமாப் போ தாயி, வண்டி வருது," என்று அப்பா கத்தினார். பெட்டி முகத்தை மறைத்திருக்கும், வெயில் கண்ணில் அடித்திருக்கும், எல்லாம் சரி. நான் ஓரமாக நின்றேன். பெற்றவரும் கட்டியவரும் என்னைத் தாண்டிப் போனீர்கள். ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். பஸ் நகர்ந்த பிறகும் கரையில் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெங்கடம்மாள் அக்காவிடம் சாவி வாங்கி வீட்டைத் திறந்தேன். நான் போன இடத்தை நீங்கள் எப்போது தேட ஆரம்பித்தீர்கள் என்று தங்கசாமியிடம் கேட்டேன். பெட்ரோல் தீர்ந்த பிறகு என்றார். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா இருக்க வேண்டாம், குழி தயாராக இருக்கிறது என்று அப்பா சொல்கிறாராம். ஆடியில் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு வீட்டில் இருப்பது நம் ஜனத்தில் புதுசில்லை. பெண்சாதி புருஷன் வீட்டிலும், புருஷன் மாமனார் வீட்டிலும் இருப்பதுதான் புதுசு. தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட, நீங்கள் இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நீங்கள் வண்டியை நினைத்துக்கொண்டே இருந்துவிடுவீர்கள். வண்டி அங்கேயே நிற்கட்டும். அப்பா அதை நன்றாகப் பார்த்துக்கொள்வார். வருவதென்றால் பஸ்ஸில் வாருங்கள், நான் வந்த மாதிரி. உங்களைக் கூட்டிக்கொண்டு வர யாரையும் அனுப்பப் போவதில்லை.

பந்தயத்தில் ஜெயித்தது நீங்களா அப்பாவா என்று இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள். நான் எந்த ஊரில் குடியிருக்கிறேன் என்று சந்தேகம் வந்தால், இந்தக் கடிதத்தின் தலையில் எழுதியிருக்கிறேன், இரண்டு பேருமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

சௌடேஸ்வரி